இலக்கம் யாருக்குச் சொந்தம்?

வீடு மாறிப் போகிறவர் பெட்டி படுக்கைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம்; முற்றத்துக் கிணற்றை ஏற்றிக்கொண்டு போக முடியாது. தொலைபேசி இலக்கமும் நெடுங்காலமாக அக்கிணற்றைப் போலவே இருந்துவந்தது. ஒரு கம்பனியின் சேவையைத் துறந்து வேறொரு கம்பனியை நாடுகின்றவர், பழைய இலக்கத்தை அங்கேயே விட்டுவிட்டுப் புதியதொன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே உலகெங்கும் வழக்கமாயிருந்தது. கட்டணம் அதிகமென்று முறையிடுவார். வீட்டின் உள்ளறையில் சிக்னல் கிடைப்பதில்லையென்று குறைகூறுவார். ஆயினும் கம்பனியை மாற்றமாட்டார். ஏனென்று வினவினால், "பதினைந்து வருடமாக எல்லாருக்கும் கொடுத்த இலக்கம், அதை எப்படி விடுவது?" என்பார்.

இவ்விடையினுள்ளே ஒரு பெரிய வினா அடங்கியிருக்கிறது. அந்த இலக்கம் யாருக்குச் சொந்தம்? அதனை வழங்கிய கம்பனிக்கா, பயன்படுத்துகின்றவருக்கா, அன்றி நாட்டுக்கா? இவ்வினாவுக்கு உலக நாடுகள் விடைகாண முற்பட்ட வரலாறு சுவையானது. கம்பனி மாற எண்ணும் ஒவ்வொரு குடும்பத்தினரும் அறிந்துவைத்திருக்க வேண்டியதுமாகும்.

சின்னமுத்து தந்த இலக்கம்

தொலைபேசி தோன்றிய தொடக்கத்தில் அதற்கு இலக்கமே இருக்கவில்லை. 1876ஆம் ஆண்டு அலெக்சாந்தர் கிரகம் பெல் தமது கருவிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அதனையடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களிலே தொலைபேசி நிலையங்கள் அமைந்தன. பேச விரும்புகின்றவர் கருவியை எடுத்து, இன்னாருடன் பேச வேண்டுமென்று பெயரைச் சொல்வார். எந்தப் பெயருக்கு எந்தத் துவாரம் என்பதை மனனஞ்செய்து வைத்திருந்த நிலையப் பணியாளர் இணைப்பைக் கொடுப்பார்.

1879ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரிலே சின்னமுத்து நோய் பரவிற்று. அந்நகர வைத்தியரான மோசஸ் கிறீலி பாக்கர் என்பவர், நிலையத்துப் பணியாளர் நால்வரும் ஒருங்கே நோயிற் படுத்துவிட்டால் நகரத்துத் தொலைபேசிகள் யாவும் ஊமையாகிவிடுமே என்று அஞ்சினார். ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இலக்கத்தைக் கொடுத்துவிட்டால், புதிதாய் வருகின்றவரும் அவ்வேலையை எளிதிற் செய்யலாம் என்று அவர் யோசனை கூறினார். தொலைபேசி இலக்கம் பிறந்த கதை இதுவேயென்பர்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்விலக்கம் மனிதரைக் குறித்ததன்று. பலகையிலுள்ள துவாரத்தையே குறித்தது. பலகை கம்பனிக்குரியது, ஆகவே இலக்கமும் கம்பனிக்குரியது போலாயிற்று. வீட்டுச் சுவரிற் கம்பியுடன் பிணைக்கப்பட்டிருந்த தொலைபேசிக்கு இம்முறை பொருத்தமாகவே இருந்தது.

சட்டைப்பையிற் குடியேறியது

எமது நாட்டிலே 1989ஆம் ஆண்டு செல்ரெல் கம்பனி கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிற்று. தென்னாசியாவிலே இத்தகைய சேவைக்கு அதுவே முன்னோடி. அதன் பின்னர் மொபிற்றெல், டயலொக் முதலிய கம்பனிகளும் வந்தன. ஒவ்வொரு கம்பனிக்கும் தனித்தனி முன்னெண் ஒதுக்கப்பட்டது. 071 என்றால் மொபிற்றெல், 077 என்றால் டயலொக், 078 என்றால் ஹட்ச் என்று சிறுவரும் சொல்லக் கற்றுக்கொண்டனர்.

தொலைபேசி சுவரை விட்டிறங்கிச் சட்டைப்பையிற் குடியேறியதும், இலக்கம் வீட்டைக் குறிப்பதை விட்டு மனிதரைக் குறிக்கத் தொடங்கிற்று. இன்றோ அது அழைப்பதற்கு மட்டும் உதவுவதன்று. வங்கி தன் இரகசிய எண்களை அதற்கே அனுப்புகிறது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மறந்தவருக்கு அதன் வழியாகவே கதவு திறக்கப்படுகிறது. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள தாயின் முகத்தைப் பார்ப்பதும் அவ்விலக்கத்தோடு பிணைந்த வட்ஸ்அப் வாயிலாகவே. பத்து வருடமாகத் தொடர்பற்றுப் போன பள்ளித் தோழர் ஒருநாள் தேடினால், அவர் கையில் இருப்பதும் அந்தப் பழைய இலக்கம் ஒன்றே. எனவே இலக்கத்தை இழப்பது, ஊரில் எவருக்கும் சொல்லாமல் வீடு மாறுவதற்கு ஒப்பாயிற்று.

கம்பனிகளும் இதனை நன்கறிந்திருந்தன. சேவையில் மனம் வெறுத்தவரையும் இலக்கம் என்னும் கயிறு கட்டி வைத்திருக்கும். கட்டுண்டவரைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் எவருக்கும் அதிகமில்லை.

கயிறு அவிழ்ந்த வரலாறு

இக்கயிற்றை முதலில் அவிழ்க்க முற்பட்ட நாடு சிங்கப்பூர். 1997ஆம் ஆண்டு அங்கே புதிய கம்பனியொன்று போட்டிக்கு வந்தபோது, மாறுகின்றவர் பழைய இலக்கத்திலேயே அழைப்பைப் பெறுவதற்கு வழிசெய்யப்பட்டது. ஆயினும் அது முழுமையான ஏற்பாடன்று. புதிய இலக்கமொன்றைக் கொடுத்துவிட்டு, பழையதற்கு வரும் அழைப்பை அதற்குத் திருப்பிவிடும் முறையே அது. இலக்கத்தை உண்மையாகவே எடுத்துச் செல்லும் முறை அங்கு 2008ஆம் ஆண்டு யூன் மாதத்திலேதான் நடைமுறைக்கு வந்தது. இதனிடையே 1999ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் ஹொங்கொங்கும் அவ்வுரிமையை வழங்கியிருந்தன.

ஐக்கிய அமெரிக்காவிலோ கதை நீண்டது. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இலக்கத்தை எடுத்துச் செல்லும் உரிமைக்கு அடிகோலிற்று. கைத்தொலைபேசிக் கம்பனிகள் 1999ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் ஆயத்தமாக வேண்டுமென்று முதலில் விதிக்கப்பட்டது. கம்பனிகள் செலவையும் சிரமத்தையும் எடுத்துக்கூறி அவகாசம் கேட்டன. தவணை 2002ஆம் ஆண்டுக்கும், பின்னர் 2003ஆம் ஆண்டுக்கும் தள்ளிப்போயிற்று. வழக்கும் நீதிமன்றம் சென்றது. கம்பனிகளின் வாதம் அங்கு எடுபடவில்லை. ஈற்றில் 2003ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி, நூறு பெரிய நகரப் பகுதிகளிலே அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. ஏனைய இடங்களுக்கு அது மறு ஆண்டு மே மாதத்தில் எட்டிற்று. எம்மவர் பலர் வாழும் கனடா 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இவ்வரிசையிற் சேர்ந்தது.

இந்தியா 2010ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி ஹரியானாவில் இதனைத் தொடங்கி, 2011ஆம் ஆண்டு சனவரி 20ஆந் திகதி நாடெங்கும் விரித்தது. அப்பொழுது இதற்கென அறவிடக்கூடிய கட்டணம் கூடியது 19 ரூபாவே. 2015ஆம் ஆண்டு யூலை மாதம் முதல், சென்னையிலிருந்து தில்லிக்குக் குடிபெயர்ந்து அங்கே வேறு கம்பனிக்கு மாறுகின்றவரும் இலக்கத்தைக் கூடவே கொண்டுசெல்ல முடிந்தது.

இந்நாடுகள் யாவும் கண்ட விடை ஒன்றே. இலக்கங்கள் நாட்டின் பொதுவளம். கம்பனி அவற்றை விநியோகிக்கும் பொறுப்பை மட்டும் பெற்றிருக்கிறது. பயன்படுத்துகின்றவர் அவற்றை விற்கும் உரிமையாளரல்லர். ஆனால் எடுத்துச் செல்லும் உரிமை அவருக்குண்டு.

பெயரும் மறைபெயரும்

இலக்கம் மாறாதிருக்கும்போது சிம் அட்டையை மட்டும் ஏன் மாற்ற வேண்டும் என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. இதற்குரிய விடையிலேதான் இம்முறையின் நுட்பம் இருக்கிறது.

நாம் பிறருக்குக் கொடுக்கும் இலக்கம் வெளியுலகுக்கான பெயர். சிம் அட்டையினுள்ளே அதனின் வேறான ஒரு மறைபெயர் பதிந்திருக்கிறது. அது பொதுவாகப் பதினைந்து எண்கள் கொண்டது. அவற்றுள் முதல் மூன்றும் நாட்டைக் குறிக்கும்; இலங்கைக்கு 413. அடுத்து வருவன கம்பனியைக் குறிக்கும். எஞ்சியவை அந்தச் சந்தாதாரருக்கே உரியவை. கோபுரம் எம்மை அடையாளங் காண்பது இம்மறைபெயரைக் கொண்டே. கம்பனியை மாற்றும்போது மறைபெயரும் மாறியாக வேண்டும். ஆதலாற் புதிய சிம் அட்டை அவசியமாகிறது.

எம்முடைய பழைய இலக்கம் இப்பொழுது எந்தக் கம்பனியிடம் இருக்கிறது என்பதை ஒரு பொது ஏட்டிலே பதிவுசெய்கிறார்கள். அந்த ஏடு எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவானது; கணினியில் அமைந்தது. முன்னர் முன்னெண்ணைப் பார்த்தே அழைப்பு எங்கே செல்ல வேண்டுமென்று தீர்மானிக்கப்பட்டது. இம்முறை வந்த பின்னரோ, அழைப்பைத் தொடுக்கும் கம்பனி அந்த ஏட்டின் பதிவைப் பார்த்தே வழியைத் தெரிந்துகொள்ளும். இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்கின்றன. அழைக்கின்றவர் எதனையும் உணர்வதில்லை.

கம்பனி மூழ்கியபோது

இவ்வுரிமையின் அருமையைத் தமிழ்நாட்டு மக்கள் 2018ஆம் ஆண்டில் அனுபவத்தால் உணர்ந்தனர். 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலே தொடங்கப்பட்ட எயர்செல் கம்பனி அங்கே பெருந்தொகையான சந்தாதாரரைக் கொண்டிருந்தது. யாழ்ப்பாண வழித்தோன்றலான மலேசியச் செல்வர் ஆனந்த கிருஷ்ணனின் மாக்சிஸ் கம்பனி 2006ஆம் ஆண்டில் அதன் பெரும்பங்கை வாங்கியிருந்தது. கடன் சுமையிலும் கட்டணப் போட்டியிலும் அக்கம்பனி நலிவுற்றது. 2018 பெப்ரவரியில், கோபுரங்களுக்குரிய வாடகைப் பணம் பற்றிய தகராற்றினால் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அதன் சேவை நின்றுபோயிற்று. மக்கள் கம்பனியின் கடைகளை முற்றுகையிட்டனர்.

இலக்கத்துடன் வெளியேறச் சட்டம் இடமளித்திருந்தது. ஆனால் வெளியேறுவதற்கு வேண்டிய எட்டு எழுத்துக் குறியீட்டை, அந்தத் தொலைபேசியிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்பிப் பெறவேண்டும் என்பது விதி. சிக்னலோ அறவே இல்லை. பூட்டிய வீட்டினுள்ளே திறவுகோல் அகப்பட்டுக்கொண்ட நிலையாயிற்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, ஏப்பிரல் 15ஆந் திகதிவரை குறியீடுகள் கிடைப்பதற்கு வழிசெய்யுமாறு பணித்தது. பெப்ரவரி மாத முடிவிலே எயர்செல் தன் கடனிறுக்க இயலாமையை அறிவித்து விண்ணப்பித்தது. கம்பனி வீழ்ந்தது, இலட்சக்கணக்கானோரின் இலக்கங்கள் பிழைத்தன. உரிமை இருந்தாற் போதாது, அதனைப் பயன்படுத்தும் வழியும் திறந்திருக்க வேண்டும் என்பது இந்நிகழ்ச்சி தரும் பாடம். கப்பல் மூழ்கும்வரை காத்திராமல், நீர் கசியும்போதே இறங்கிவிடுவது நன்று என்பது மற்றொரு பாடம்.

எமது நாட்டு அனுபவம்

இலங்கையிலே இன்னொரு விதமான மாற்றம் நிகழ்ந்தது. இங்கே பலர் கம்பனியை மாற்றவில்லை. கம்பனிதான் அவர்கள் காலடியில் மாறிற்று. செல்ரெல் காலத்தில் 072 இலக்கத்தைப் பெற்ற ஒருவர், அதனைக் கைவிடாமலே நான்கு பெயர்ப்பலகைகளைக் கண்டார். செல்ரெல், ரிகோ என்றாயிற்று. 2010ஆம் ஆண்டில் எற்றிசலாற் என்றாயிற்று. 2018 நவம்பர் மாத இறுதியில் ஹட்சுடன் இணைந்தது. அவ்வாறே 2009ஆம் ஆண்டில் இங்கு வந்த எயர்டெல் கம்பனி 2024 யூன் மாதத்தில் டயலொக்குடன் இணைந்ததனால், 075 இலக்கத்தார் யாவரும் டயலொக்கின் சந்தாதாரராயினர். எவரும் புதிய இலக்கம் பெறவேண்டியிருக்கவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. முன்னெண்ணுக்கும் கம்பனிக்கும் உள்ள பிணைப்பு இயற்கை விதியன்று, வெறும் ஏற்பாடே. கம்பனிகள் தம்முள் இணையும்போது இலக்கம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்லலாமெனின், சந்தாதாரர் தாமே விரும்பும்போதும் அது செல்லலாம் என்பதே நியாயம். இம்முறையை எமது நாட்டில் ஏற்படுத்துவது குறித்துப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்திருக்கிறது. கம்பனி மாற எண்ணுகின்றவர், அப்போதைய நடைமுறை யாதென்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டறிந்து செயற்படுதல் முறையாகும்.

கள்வனும் காத்திருக்கிறான்

எளிதிற் பெயரக்கூடிய பொருள் எளிதிற் களவாடப்படவுங் கூடும். மற்றொருவரின் பெயரால் கம்பனிக்குச் சென்று, அவர் இலக்கத்தைத் தன் சிம் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் கள்வர் உலகெங்கும் தோன்றியுள்ளனர். 2019 ஓகஸ்ற் மாதத்தில், ருவிற்றர் கம்பனியின் தலைவராயிருந்த ஜக் டோர்சியின் இலக்கமே இவ்வாறு பறிக்கப்பட்டு, அவர் பெயரால் இழிந்த செய்திகள் வெளியிடப்பட்டன. அத்தகையவருக்கே இக்கதியெனின் ஏனையோரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதனைத் தடுக்குமுகமாக, சிம் அட்டையைப் புதிதாக மாற்றியவர் ஏழு நாள் கழியும்வரை இலக்கத்தை வேறு கம்பனிக்குக் கொண்டுசெல்ல முடியாதென்று இந்தியா 2024 யூலை முதலாந் திகதி தொடக்கம் விதித்தது.

இலக்கத்தைக் கைவிடுகின்றவருக்கும் ஆபத்துண்டு. கைவிடப்பட்ட இலக்கம் சில காலத்தின் பின் வேறொருவருக்கு வழங்கப்படும். 2021ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்விலே, அமெரிக்காவின் இரு கம்பனிகள் புதியோருக்கு வழங்கவிருந்த 259 இலக்கங்களை ஆராய்ந்தபோது, 171 இலக்கங்கள் முந்தியவர்களின் இணையக் கணக்குகளோடு இன்னும் பிணைந்திருக்கக் காணப்பட்டன. பழைய வீட்டை விட்டுப் போனவர் திறவுகோலை வாசலிலேயே தொங்கவிட்டுச் சென்றது போன்றதே இது.

மாறுமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, புதிய கம்பனியின் விளம்பரத்தை மட்டும் நம்பாது, அதன் சிம் அட்டையுள்ள உறவினர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, உள்ளறையிலும் சமையலறையிலும் இரவிலும் பகலிலும் பேசிப் பார்க்க வேண்டும். ஊர் முழுவதும் நன்றாக எடுபடும் சேவை உமது வீட்டுக்குள் எடுபடாதிருக்கலாம்.

இரண்டாவதாக, தொலைபேசிக் கருவி பழைய கம்பனிக்கே பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் கருவிகளில் இது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. கனடாவில் 2017 டிசெம்பர் முதல் பூட்டிய கருவிகளை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. எல்லா நாடுகளிலும் அவ்வாறில்லை.

மூன்றாவதாக, பிற்கொடுப்பனவுச் சந்தாதாரர் நிலுவையைத் தீர்த்தல் வேண்டும். முற்கொடுப்பனவுச் சந்தாதாரர் எஞ்சிய றீலோட் பணத்தைப் பேசித் தீர்த்துவிடுதல் நன்று. பணம் இலக்கத்தோடு கூடவே வருமென்று எண்ணியிருத்தல் ஆகாது.

நான்காவதாக, இலக்கத்தை எடுத்துச் செல்லும் முறையுள்ள நாட்டில் வாழ்கின்றவர், பழைய சேவையைத் தாமே முதலில் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் இலக்கமும் அத்தோடு இறந்துபோகலாம். பிரித்தானியாவில் உள்ளோர் பி, ஏ, சி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை 65075 என்ற இலக்கத்துக்கு அனுப்பினால் குறியீடு வரும். அது 30 நாள் செல்லுபடியாகும். அதனைப் புதிய கம்பனியிடம் கொடுத்தால் ஒரு வேலைநாளில் மாற்றம் நிறைவேறும். பழைய சேவை தானாகவே நின்றுவிடும். 2019 யூலையிலிருந்து அங்கே இம்முறை நிலவுகிறது.

ஐந்தாவதாக, புதிய இலக்கமே பெறவேண்டிய நிலையிலுள்ளவர், பழைய சிம் அட்டையைச் சில மாதங்களுக்கேனும் உயிருடன் வைத்திருத்தல் வேண்டும். வங்கி, மின்னஞ்சல், பிள்ளைகளின் பாடசாலை, வைத்தியசாலை, வெளிநாட்டு உறவினர் என்று ஒரு கொப்பியிலே எழுதிவைத்து, ஒவ்வொன்றாக மாற்றி அடையாளமிட வேண்டும். வட்ஸ்அப்பில் இலக்கத்தை மாற்றுவதற்கென்றே ஒரு வசதி உண்டு. அதனைப் பயன்படுத்தினால் பழைய தொடர்புகள் அறுபடா. சிம் அட்டையிற் பதிந்துள்ள பெயர்களைக் கருவிக்குப் பிரதிசெய்யவும் மறத்தலாகாது.

ஈற்றாக, காரணமின்றித் தொலைபேசியின் சிக்னல் நீண்டநேரம் அற்றுப்போனால், வேறொரு தொலைபேசியிலிருந்து கம்பனிக்கும் வங்கிக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்களை எவர் கேட்டாலும் சொல்லலாகாது என்பதை வீட்டிலுள்ள முதியோருக்குப் பிள்ளைகள் அன்போடும் பொறுமையோடும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாறாதவருக்கும் உள்ள பயன்

இத்தனை தொல்லையையும் யார் படுவது, இருந்தபடியே இருந்துவிடுவோம் என்று பெரியோர் பலர் எண்ணக்கூடும். அதிலே தவறில்லை, நல்ல சேவை கிடைக்கின்றவர் மாறவேண்டிய அவசியமுமில்லை. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். விட்டுப்போக முடியாத வாடிக்கையாளரின் முறைப்பாடு மேசையின் ஓரத்திற் கிடக்கும். விட்டுப்போகக் கூடியவரின் முறைப்பாட்டுக்கே விரைவில் விடை வரும். தெருவிலுள்ள நாலுபேர் இலக்கத்தோடு வெளியேற முடியும் என்று தெரிந்தால், கம்பனி எஞ்சியிருப்போரின் கட்டணத்தையும் குறைகளையும் கவனித்தே தீரவேண்டும். ஆகவே இவ்வுரிமையின் பயன், அதனை ஒருநாளும் பயன்படுத்தாதவரையும் சென்றடைகிறது.

லோவெல் நகரத்து வைத்தியர் யோசனை கூறியபோது இலக்கம் ஒரு துவாரத்தின் பெயராயிருந்தது. இன்று அது ஒரு தாயின் பெயராகவும் மகனின் பெயராகவும் இருக்கிறது. அவ்வாறான பெயரைத் தம்முடன் எடுத்துச் செல்ல மக்கள் உரிமை கேட்பது நியாயமே. அதனைக் கவனமாகக் காத்துக்கொள்வது அவர்கள் கடமையுமாகும்.